வன்னிக் குளங்களுக்கு எந்தச் செய்மதி? தெறித்து வரும் ஜி.பி.எஸ். அலைகளும் மற்ற வழிகளும்

வன்னியில் தண்ணீரைப் பற்றிய கேள்வி பருவத்துக்குப் பருவம் மாறும். பங்குனி, சித்திரையில் சிறுபோகக் கூட்டம் கூடும்போது, குளத்தில் நிற்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதுதான் பேச்சு. புரட்டாதி, ஐப்பசியில் மானாவாரிக்காரர் புழுதியிலேயே விதைத்துவிடுவதா, இன்னொரு மழைக்குப் பொறுப்பதா என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள். கார்த்திகை, மார்கழியில் எல்லாம் தலைகீழாகிவிடும். இன்றைக்கு இரவும் இப்படியே பெய்தால் குளம் தாங்குமா, வான்கதவை எப்போது திறப்பது, கீழே இருக்கிற சனத்துக்கு எப்போது சொல்வது?

இந்தக் கேள்விகளுக்கு வானத்திலிருந்து பதில் தேடும் வழிகள் இப்போது பல. அவற்றில் புதியது, ஜி.பி.எஸ். அலைகள் நிலத்திலும் நீரிலும் பட்டுத் தெறிப்பதைப் பிடித்து மண்ணின் ஈரத்தையும் வெள்ளத்தையும் கணிக்கும் சின்னச் செய்மதிகள். அவற்றின் தரவு பெரும்பாலும் இலவசம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் விவசாயமும் படிக்கும் பிள்ளைகளுக்கும், ஊர்க் கமக்காரர் அமைப்புக்கு ஏதாவது செய்ய நினைக்கும் வெளிநாட்டு உறவுகளுக்கும் இதில் ஆர்வம் வருவது நல்லதுதான். ஆனால் எதற்கு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் இறங்கினால் காசும் உழைப்பும் வீணாகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளத்தின் பரப்பை அறிய ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதி எடுக்கும் ரேடார் படம். பெருமழை வருமுன் நீரேந்துப் பகுதி எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்று அறியத் தெறிப்பலைச் செய்மதிகள். வெள்ள இரவுக்கு வானத்தில் பறக்கும் எதையும் நம்பாமல் குளக்கட்டிலேயே ஒரு கருவி. செலவழிக்க இருப்பது கொஞ்சக் காசுதான் என்றால் அது முழுவதும் குளக்கட்டுக்கே போகவேண்டும்.

தெறிப்பலை முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஜி.பி.எஸ். செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து 1575.42 மெகாஹேர்ட்ஸில் இடைவிடாமல் அலை அனுப்புகின்றன. அதன் அலைநீளம் ஏறக்குறைய 19 சென்ரிமீற்றர். முகிலும் மழையும் இரவும் அதற்குத் தடையில்லை. நம் கைபேசிக்கு வரும் அதே அலை குளத்திலும் வயலிலும் காட்டிலும் பட்டு மேலே தெறிக்கிறது. சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் சின்னச் செய்மதி ஒன்று வானத்தைப் பார்த்த அன்டனாவில் நேரலையையும், பூமியைப் பார்த்த அன்டனாவில் தெறிப்பலையையும் வாங்கி இரண்டையும் ஒப்பிடுகிறது. காற்றில்லாத இரவில் குளத்தில் நிலவு ஒரே வட்டமாகத் தெரியும். அலையடித்தால் அதே நிலவு நீண்ட பாதையாகச் சிதறிக் கிடக்கும். ஜி.பி.எஸ். அலையும் அப்படித்தான்: சலனமற்ற நீரில் கூர்மையாகவும் பலமாகவும் தெறிக்கும், கொந்தளிக்கும் கடலில் பரவி மங்கும். நிலத்தில் ஈர மண் பலமாகத் தெறிக்கவிடும், காய்ந்த மண் அவ்வளவாக விடாது. அடர்ந்த காடு இடையில் நின்று கொஞ்சத்தைக் குடித்துவிடும்.

தானே அலை அனுப்ப வேண்டியதில்லை என்பதுதான் இந்த முறையின் பெரிய வசதி. அலை அனுப்பும் ரேடாருக்கு நிறைய மின்சாரமும் நீண்ட அன்டனாவும் வேண்டும். சென்டினல்-1 இன் அன்டனா மட்டும் 12 மீற்றர் நீளம், மொத்த எடை இரண்டு தொன்னுக்கு மேல். தெறிப்பலையை மட்டும் வாங்கும் நாசாவின் சிக்னஸ் செய்மதி ஒன்றின் எடை 30 கிலோவுக்கும் குறைவு. ஆகவே ஒன்றுக்குப் பதில் எட்டை ஒரே ரொக்கெற்றில் ஏற்ற முடிந்தது.

ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தைச் சேர்ந்த மானுவல் மார்ட்டின்-நெய்ரா 1993 இல் இந்த யோசனையைக் கடல் மட்டம் அளப்பதற்காக முன்வைத்தார். 2003 இல் ஏவப்பட்ட யூ.கே.-டி.எம்.சி. என்ற பிரித்தானியச் செய்மதியில் அது வானத்தில் சோதிக்கப்பட்டது. 2014 இல் ரெக்டெமோசாற்-1 என்ற இன்னொரு சோதனைச் செய்மதி வந்தது. அப்புறம் 2016 டிசம்பர் 15 ஆம் திகதி சிக்னஸ் எட்டும் ஏவப்பட்டன. மிச்சிகன் பல்கலைக்கழகம் தலைமை தாங்கிய அந்தத் திட்டத்தின் நோக்கம் சூறாவளிக்குள் கடற்காற்றின் வேகத்தை அளப்பது. நிலத்தின் மேல் போகும்போது கிடைத்த தெறிப்புகளும் பயன்படும் என்பது பிறகு தெரிந்து, இன்று மண் ஈரமும் வெள்ளப் பரப்பும் அதிலிருந்து கணிக்கப்படுகின்றன. ஐரோப்பாவின் ஹைட்ரோ ஜி.என்.எஸ்.எஸ். என்ற இரட்டைச் செய்மதிகளோ தொடக்கத்திலிருந்தே நிலத்து நீருக்காகச் செய்யப்பட்டவை. டித்வா புயல் நம் நாட்டைப் புரட்டிப் போட்ட 2025 நவம்பர் 28 ஆம் திகதிதான் அவையும் ஏவப்பட்டன.

சரி, வன்னிக்கு இதில் என்ன லாபம்? முதலில், நாம் இருக்கும் இடம். வன்னி வடக்கு அகலாங்கு 9 பாகையை ஒட்டியது. துருவத்துக்குத் துருவம் சுற்றும் செய்மதிகளின் பாதைகள் துருவங்களில் நெருங்கி, நடுக்கோட்டருகே அகன்றுவிடும். அதனால் நோர்வேக்காரருக்கு அடிக்கடி கிடைக்கும் படம் நமக்கு இடைவெளி விட்டுத்தான் கிடைக்கும். சிக்னஸின் பாதை நடுக்கோட்டுக்கு 35 பாகை சாய்ந்தது. அதனால் அது துருவங்களுக்குப் போகாமல் நடுக்கோட்டின் இரு புறமுமே சுற்றும். ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் நான்கு தெறிப்புகளைப் பிடிக்கும். எட்டுமாகச் சேர்ந்து ஒரே இடத்துக்குத் திரும்பி வரும் சராசரி இடைவெளி ஏழு மணித்தியாலம் என்று கணக்கிட்டார்கள். மழைக்காலத்தில் மண் காலையில் ஒரு நிலை, மாலையில் ஒரு நிலை. அதைப் பின்தொடர, தனியாகச் சுற்றும் ஒரு செய்மதிக்கு இந்த வேகம் வராது.

இந்த ஏழு மணித்தியாலத்தைக் கேட்டதும் பலர் மனதில் ஒரு தொடர் படம் விரியும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். தெறிப்பலைச் செய்மதி படம் எடுப்பதில்லை. ஜி.பி.எஸ். எங்கே, தான் எங்கே என்பதைப் பொறுத்துத் தெறிப்புப் புள்ளி எங்கே விழுகிறதோ அந்தக் கோட்டின் வழியே மட்டும் அளக்கும். இன்றைய கோடு கனகராயன் ஆற்றோரம் போனால், நாளைய கோடு நந்திக்கடலைக் கடக்கலாம். தட்டையான நீரில் ஒரு தெறிப்பின் தடம் சில நூறு மீற்றர் அகலமே என்றாலும், செய்மதி ஓடும் வேகத்தில் அது கிலோமீற்றர் கணக்கில் இழுபட்டுவிடும். சிதறிய கோடுகளை எல்லாம் சேர்த்துக் கட்டங்களில் நிரப்பித்தான் வரைபடம் செய்கிறார்கள். பரவலாகப் பயன்படும் சிக்னஸ் மண் ஈரத் தரவின் கட்டம் ஒன்று 36 கிலோமீற்றருக்கு 36 கிலோமீற்றர், ஏறக்குறைய 1,300 சதுர கிலோமீற்றர். இரணைமடுவின் நீரேந்துப் பகுதி முழுவதையும் ஒரே கட்டத்துக்குள் போட்டாலும் மிச்சம் இருக்கும். உங்கள் வயலில் ஈரம் எவ்வளவு என்று அதைக் கேட்பதில் பொருளில்லை.

இன்னொரு சிக்கல் வன்னிக்கே உரியது. எட்டிய இடமெல்லாம் குளம், களப்பு, காலபோகத்தில் தண்ணீர் கட்டிய வயல். நீர் பலமாகத் தெறிக்கவிடும் என்று மேலே சொன்னேன். ஒரு கட்டத்துக்குள் வவுனிக்குளமோ முத்தையன்கட்டோ இருந்தால், குளத்திலிருந்து வந்த பலமான தெறிப்பை மண்ணின் ஈரம் என்று கணக்கு எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. நிலையான நீர்நிலைகளை முகமூடி போட்டு நீக்குவார்கள், உண்மைதான். ஆனால் ஆடியில் வற்றி மார்கழியில் வான் பாயும் குளம் நிலையான நீர்நிலைக்குள் அடங்காது. நாற்று மறைய நீர் நிற்கும் வயலுக்கு மண் ஈரம் என்ற அளவே பொருந்தாது. ஆகவே இந்தத் தரவை ஐப்பசியில் நம்பலாம், தையில் நம்பக்கூடாது என்பேன். காட்டுப்பக்கம், மேட்டுநிலம், இன்னும் நீர் கட்டாத மானாவாரி நிலம் என்றால் அது பேசுவதில் அர்த்தம் இருக்கும்.

இதே வேலைக்குப் போட்டியாக நிற்பது நாசாவின் ஸ்மாப். 2015 ஜனவரியில் ஏவப்பட்டது. அதன் ரேடார் அந்த ஆண்டு ஜூலையிலேயே பழுதாகிப்போனது. பூமி இயல்பாக வெளிவிடும் நுண்ணலையை 6 மீற்றர் அன்டனாவால் உணரும் பாதி மட்டும் தொடர்ந்து உழைத்தது. மேல்மண்ணின் ஐந்து சென்ரிமீற்றர் ஈரத்தை அது அளக்கும் துல்லியம் தெறிப்பலை முறையை விட நம்பகமானது. நம் பக்கத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வரும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: மேலே சொன்ன சிக்னஸ் மண் ஈரத் தரவு, ஸ்மாப்பின் அளவுகளோடு ஒப்பிட்டே சரிப்படுத்தப்பட்டது. எனவே இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று கண்டு, இரண்டு சாட்சி கிடைத்தது என்று மகிழக் கூடாது. மாணவர் ஒருவர் வன்னி மண்ணில் இதை ஆராய விரும்பினால், மண்ணைத் தோண்டி உலர்த்தி நிறுத்துப் பெற்ற அளவோடு ஒப்பிட்டால்தான் அது ஆராய்ச்சி.

இரண்டில் ஒன்றைத் தேர்வதென்றால், விதைப்புக் காலத்தில் வாரக் கணக்கில் போக்கைப் பார்க்க ஸ்மாப் போதும். தொடர் மழையின் நடுவே நாளுக்கு நாள் நிலம் எப்படி ஊறுகிறது என்று பார்க்கத் தெறிப்பலை மேல். ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்றால், இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு தெற்கே வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்கே ஓடி வருகிறது. காய்ந்த நிலத்தில் விழும் முதல் மழையில் பெரும்பங்கை மண் குடித்துவிடும். பத்து நாள் ஊறிய நிலத்தில் அதே மழை விழுந்தால் அப்படியே ஆற்றுக்கு வரும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது மழையின் அளவைப் பற்றியும் வான்கதவு திறந்த நேரத்தைப் பற்றியும் எல்லோரும் பேசினார்கள். அந்த மழைக்கு முன் நிலம் எந்த நிலையில் இருந்தது என்ற பேச்சுக் குறைவாகவே இருந்தது. நிலத்துக்கு இன்னும் குடிக்க இடமிருக்கிறதா என்ற அந்த ஒரு கேள்விக்கு, கட்டம் பெரிதாக இருப்பது குறையே இல்லை. நீரேந்துப் பகுதி முழுவதற்கும் ஒரே எண் போதும்.

ஆனால் தாமதம் இருக்கிறது. சிக்னஸின் வழக்கமான அறிவியல் தரவு சில நாள் கழித்தே வெளிவருகிறது. இரண்டு ஆண்டு ஓட வேண்டும் என்று திட்டமிட்ட செய்மதிகள் அவை; 2022 இன் இறுதியில் ஒன்றோடு தொடர்பும் அறுந்துவிட்டது. ஆகவே இதை எச்சரிக்கைக் கருவியாக வைத்து எந்தக் கிராமத்தையும் நம்பவைக்கக் கூடாது. பருவத்தின் நடுவே நிலைமையைக் கணிக்கவும், முடிந்துபோன வெள்ளங்களை ஆராயவும் வைத்துக்கொள்ளலாம்.

குளத்தின் பரப்புக்கு வந்தால் கதையே வேறு. இங்கே சென்டினல்-1 க்கு நிகர் இப்போதைக்கு இல்லை. அதன் ரேடார் படத்தின் புள்ளி ஒன்று 10 மீற்றர். இருபது ஏக்கர் சின்னக் குளம்கூட எண்ணூறு புள்ளிகளாகத் தெரியும். முகில் தடையில்லை. படம் இலவசம், பொதுவாக ஒரு நாளுக்குள் கிடைத்துவிடும். ஒரு செய்மதி அதே பாதைக்கு 12 நாளில் திரும்பும். 2021 டிசம்பரில் இரண்டாவது செய்மதியான 1-பி பழுதானதால் சில ஆண்டுகள் தட்டுப்பாடு இருந்தது, 2024 டிசம்பரில் 1-சி ஏவப்பட்டது. சிறுபோகக் கூட்டத்துக்கு முன் அக்கராயன், புதுமுறிப்பு, கல்மடு, தண்ணிமுறிப்பு, கட்டுக்கரைக்குளம் என்று எல்லாவற்றின் நீர்ப்பரப்பையும் ஒரே நாளில் ஒப்பிட்டு மேசையில் வைக்கலாம். பன்னிரண்டு நாள் இடைவெளி அந்த வேலைக்கு ஒரு குறையே அல்ல, தண்ணீர் அப்படி ஓடிப்போகாது.

அதற்கும் கண் மறைக்கும் இடங்கள் உண்டு. அதன் அலைநீளம் ஐந்தரை சென்ரிமீற்றர்தான். சோளகம் வீசும் நாளில் குளத்தின் மேல் எழும் சிறு அலையே அதற்குக் கரடுமுரடான தரையாகத் தெரியும், கருப்பாக வரவேண்டிய நீர் வெளுத்துவிடும். தாமரையும் ஆம்பலும் மூடிய ஓரங்களை நிலம் என்று சொல்லும். நம் சின்னக் குளங்கள் பலவற்றில் பாதிப் பரப்பு இப்படித்தான் மூடிக் கிடக்கிறது. 2025 ஜூலை 30 ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார் என்ற ரேடார் செய்மதியின் 24 சென்ரிமீற்றர் அலை இலையை ஊடுருவுவதில் மேலானது. இந்த ஓரங்களுக்கும் காட்டுக்குள் நிற்கும் வெள்ளத்துக்கும் அதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். சென்டினல்-2 ஒளிப்படம் வெயில் காலத்தில் மிக அழகாக இருக்கும். மாரியில் முகிலைத்தான் காட்டும்.

பரப்புத் தெரிந்தால் கொள்ளளவு தெரிந்துவிடாது, இதை மறக்கக் கூடாது. இவ்வளவு பரப்புக்கு இவ்வளவு ஏக்கர் அடி என்ற அட்டவணை பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் இருக்கும். கமநல சேவைகளின் கீழ் இருக்கும் சின்னக் குளங்கள் தூர்ந்துபோய் வருடங்கள் ஆகின்றன. பழைய கணக்கு இருந்தாலும் இன்று பொருந்தாது. அந்த அட்டவணையைப் புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் பரப்போடு சேர்த்து நீர்மட்டமும் தேதிவாரியாக வேண்டும். அந்த மட்டத்துக்கு நம் சின்னக் குளங்களில் செய்மதியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

தெறிப்பலை முறை தரைக்கு வரும் இடம் இதுதான், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். அதே ஜி.பி.எஸ். தெறிப்பைக் கேட்கச் செய்மதி வேண்டியதில்லை. குளக்கட்டில் ஒரு கம்பத்தில் சாதாரண அன்டனாவை நிறுத்தினால் போதும். அடிவானத்தில் ஒரு ஜி.பி.எஸ். செய்மதி ஏறும்போது, நேரே வரும் அலையும் நீரில் பட்டு வரும் அலையும் மாறி மாறி ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் அன்டனாவுக்கு வருகின்றன. பெறும் சமிக்ஞையின் பலம் ஏறி இறங்கும். அது எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதை நீருக்கும் அன்டனாவுக்கும் இடையிலுள்ள உயரம் தீர்மானிக்கிறது. குளம் வற்றினால் ஏற்ற இறக்கம் விரைவாகும், நிறைந்தால் மெதுவாகும். அமெரிக்க ஆய்வாளர் கிறிஸ்டின் லார்சன் இந்த வழியை வளர்த்துக் கணினி நிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார். ஜேர்மனியில் பொன் பல்கலைக்கழகத்தினர் மலிவான சில்லையும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகையையும் கொண்டு ரைன் ஆற்றின் மட்டத்தைச் சென்ரிமீற்றர் அளவில் அளந்து காட்டினார்கள்.

கருவி தண்ணீரைத் தொடுவதில்லை. வெள்ளம் அடித்துப்போகாது, சேறு அடைக்காது. மேலிருந்து ஒலியலை விட்டு அளக்கும் கருவிக்கு நேர் கீழே தண்ணீர் இருக்க வேண்டும். சாய்ந்த குளக்கட்டில் அதற்கு நீண்ட கை ஒன்று கட்ட வேண்டும். இது கட்டிலிருந்தபடி நீர்ப்பரப்பைப் பக்கவாட்டில் பார்க்கும். ஆனாலும் கம்பத்தைக் கண்ட இடத்தில் நட்டுவிடக் கூடாது. வன்னிக் குளங்கள் ஆழம் குறைந்தவை. ஆவணியில் தண்ணீர் கட்டை விட்டு நெடுந்தூரம் உள்வாங்கிவிடும், அப்போது அது தரையைத்தான் அளக்கும். கடைசித் தண்ணீர் நிற்கும் துருசுப் பக்கமே சரியான இடம். யானை வரும் குளங்களில் கம்பம் தனியே நின்றால் ஒரு மாதமும் தாங்காது. துருசுக் கட்டுமானத்தின் மேலேயே பூட்டிவிட வேண்டும். மரங்கள் மறைக்காத திசையாகவும் இருக்க வேண்டும்.

இதன் உண்மையான குறை நேரம். செய்மதி ஒன்று ஏறி முடிய ஒரு அளவு என்று கணக்கு. பலவற்றைச் சேர்த்தாலும் நிமிடத்துக்கு நிமிடம் மட்டம் சொல்லாது. இரணைமடு போல 36 அடி நின்று வான்கதவுகளால் ஆளப்படும் குளத்துக்கு, கதவருகே நேரடியாக அளக்கும் மட்டமானியும் மேலே ஆற்றில் ஒரு மழைமானியும் வேண்டும். அதில் கைவைக்க வேண்டியது திணைக்களம்தான். தெறிப்பலைக் கம்பம் பொருந்துவது கதவில்லாத, ஆள் காவலில்லாத, வான் பாய்ந்த பிறகே ஊருக்குத் தெரியவரும் நடுத்தர, சின்னக் குளங்களுக்கு. அங்கே இன்று இருப்பது அடிக்கோல் மட்டும். மார்கழி இரவில் அதைப் பார்க்கப் போகிறவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார். கமக்காரர் அமைப்பின் தலைவரும் வாய்க்கால் பொறுப்பாளரும் வீட்டிலிருந்தே கைபேசியில் மட்டம் பார்க்க முடிந்தால், ஏற்றம் சில மணித்தியாலம் முன்னதாகவே தெரியும். அந்தச் செய்தியைப் பள்ளவெளி வீடுகளுக்குக் கொண்டுபோகும் ஆள் யார் என்பதையும் கம்பம் நடும் அன்றே பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும்.

செலவு கொஞ்சம், ஆனால் பராமரிப்பு முழு நேரத் தலையிடி. மின்கலம் மாற்ற ஒருவர், சூரியத் தகட்டைத் துடைக்க ஒருவர், தரவு நின்றால் கேட்க ஒருவர் வேண்டும். கையில் காசோடு வருகிறவர்கள் பத்துக் குளத்தில் பத்துக் கம்பம் நட்டு நாடா வெட்டுவதை விட, பக்கத்துப் பாடசாலையின் உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகளிடம் ஒரே குளத்தை ஒப்படைத்து மூன்று பருவம் ஓட்டிக் காட்டுவதையே நான் கேட்பேன்.

தொடங்குவதென்றால் ஆவணியில் தொடங்க வேண்டும். குளம் அடி தெரிய வற்றியிருக்கும்போது கட்டுக்குள் இறங்கி அடிக்கோலைச் சரிபார்க்கலாம், தூர்ந்த உயரத்தை அளக்கலாம், கம்பத்தின் உயரத்தை அடிக்கோலோடு பொருத்தலாம். ஐப்பசி மழை தொடங்கியதும் கம்பம் மட்டத்தைச் சொல்ல, சென்டினல்-1 பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பரப்பைச் சொல்ல, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு கொப்பியில் எழுதிவந்தால், அடுத்த பங்குனிக் கூட்டத்துக்கு அந்தக் குளத்தின் புதிய கொள்ளளவு அட்டவணை கையில் இருக்கும்.